முதல் தண்ணி

சனிக்கிழமை விடிய
பீடத்துத் துணிகள் என் வீட்டுக்கு வரும்.
பன்னிரண்டு வருசமாய் என் முறை.
கிண்ணம் துடைத்த சிறு துணிகளின் முதல் தண்ணியைக்
கானுக்குள் விடக்கூடாது,
கால் படாத மண்ணில் ஊற்றவேணும்.
நான் மாதுளையடியில் ஊற்றுவேன்.

போன ஆவணிக்குப் பிறகு
எனக்கு ஒன்றும் பிடிக்கவில்லை, ஆண்டவரே.
எவரும் சாகவில்லை.
அதைத்தான் சொல்லக் கஷ்டமாயிருக்கு.
பாசையூரில் துக்கமென்றால்
அதுக்கொரு ஆண்டு இருக்கும், ஒரு கடல் இருக்கும்,
சுவரில் மாலை போட்ட படம் இருக்கும்.
பின்வீட்டு எமல்டாவிடம் மூன்று படம்.
அவள் சிரிக்கிறாள்,
பொரிச்ச திரளி கொண்டுவந்து தருகிறாள்.
என் சுவரில் கலண்டர் மட்டும்தான்.
அதைக் காட்டி எப்படி அழுவது?

களங்கட்டியிலிருந்து நண்டோடு வந்த அருளப்பு
"இஞ்சாரும், அடுப்பு இன்னும் மூட்டேல்லையோ" என்கிறார்.
அடுப்பின் முன்னால்தான் இருக்கிறேன்.
தீப்பெட்டியும் கையில்தான்.
எப்போதிருந்து என்று தெரியவில்லை.

செபமாலை உருட்டினால்
பத்துக்குப் பத்து சரியாய் வருகிறது,
செத்தல் மிளகாய்க்குக் காம்பு கிள்ளுகிற மாதிரி.
விரல் செபிக்கிறது.
நான் வேறெங்கோ.

பெரியாஸ்பத்திரியில் டொக்டர்பிள்ளை,
என் மகளின் வயதிருக்கும்,
இரவில் அரைக் குளிசை என்று எழுதித் தந்தாள்.
மாதாசபையில் ஒருத்தி
"விசுவாசம் இருந்தால் குளிசை எதுக்கு" என்றாள்.
இரண்டையும் விழுங்கினேன்.
குளிசை கொஞ்சம் வேலை செய்கிறது.

கார்த்திகையில் ஒரு சனி
துணியைத் தொடவே இல்லை.
மழை என்று சொல்லிவிட்டேன். மழைதான்,
ஆனால் அது காரணமில்லை.
ஞாயிறு சுவாமி அலுமாரியிலிருந்து
பழசொன்றை எடுத்து விரித்தார்,
தேமல் மாதிரி மஞ்சள் படிந்தது.
ஒருவரும் காணவில்லை.
நான் கண்டேன். கோபம் வந்தது.
மூன்று மாதத்தில் எனக்கு வந்த முதல் கோபம்,
அதுவும் உம்முடைய மேசைக்காக.
அதை விசுவாசம் என்று சொல்லலாமோ தெரியாது.
திங்கள் தோய்த்துப் போட்டேன்.

பெரிய சனி.
பீடம் துணியில்லாமல் கிடந்தது.
பேழைக் கதவு திறந்தபடி,
உள்ளே ஒன்றுமில்லை.
விளக்கும் நூர்ந்திருந்தது.
பூச்சாடி கழுவ வந்த பிள்ளைகள்
முழங்காலிடாமல் கதைத்துக்கொண்டே குறுக்கே போனார்கள்.
நான் அந்த வெறும் பெட்டியைப் பார்த்தபடி இருந்தேன்.
வெட்கமில்லாமல் சொல்கிறேன்,
அன்றைக்குத்தான்
கோயில் என் வீடு மாதிரி இருந்தது.
நீரும் இல்லை, நானும் இல்லை.
இருந்தும் பின்னேரத்துக்குள்
துணி மினுக்க வேண்டியிருந்தது.

கரண்ட் இல்லை.
எமல்டாவின் கரிப்பெட்டியை இரவல் வாங்கினேன்.
கஞ்சி போட்ட துகிலில் சூடு பட
சோற்று மணம் எழும்பிற்று.
பசித்தது.
இரும்பைக் கையில் பிடித்தபடி
அந்தப் பசியைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்,
வீடு தவறி வந்த ஆளைப் பார்க்கிற மாதிரி.

திருமேனித் துகில்
மூன்றாய் மடித்து, திரும்பவும் மூன்றாய்.
ஒன்பது கட்டம்.
நடுக்கட்டத்தில்தான் அப்பம் வைப்பார்கள்,
அதில் சுருக்கம் விழக்கூடாது.
நீர் வாறீரோ இல்லையோ
அது உம்முடைய பாடு.
மடிப்பு என்னுடைய பாடு.

நடுச்சாமம் மணியெல்லாம் அடித்தபோது
எனக்குள் ஒன்றும் எழும்பவில்லை.
மெழுகு சொட்டிக் கை சுட்டது,
"ஆ" என்றேன்.
பக்கத்தில் நின்ற அருளப்பு
அதை அல்லேலூயா என்று எடுத்திருப்பார்.
எடுக்கட்டும். நீரும் அப்படியே எடும்.

இன்றைக்குத் திரும்பவும் சனி.
முதல் தண்ணி மாதுளைக்கு.
அது இன்னும் காய்க்கவில்லை,
பூ வந்து வந்து உதிர்கிறது.
உதிர்ந்ததைக் கூட்டி ஒரு பக்கம் தள்ளிவிட்டு
இரண்டாம் வாளி அள்ளப் போகிறேன்.